பெல்ட் போடவா அண்ணாச்சி?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. பிசானத்துக்கு அம்பை 16 விதை நெல் கேட்டு, கடையத்துக்குப் பக்கத்துல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நம்ம கடையநல்லூர்ல இருந்து தென்காசி வழியா பைக்ல ஒரு மணி நேரம். மத்தியானம் 12 மணிக்குக் கொஞ்சம் முன்ன இருக்கும். அக்கா அடுப்படியில நிக்கா. அத்தான் திண்ணையில பேப்பர் படிச்சிக்கிட்டிருக்கார். நான் தார்சாவுல உக்காந்து காப்பியை ஆத்திக்கிட்டிருந்தேன்.

திடீர்னு ஒரு சத்தம். டிப்பர் லாரியில இருந்து ஜல்லியைத் தட்டுனா எப்படி இருக்கும், அப்படி. அலமாரியில டம்ளரெல்லாம் கிலுகிலுன்னு ஆடுச்சு. உள்ளங்கால்ல ஒரு நடுக்கம்.

"குவாரியில வெடி போடுதாவ போல"ன்னு அத்தான் சொல்லி வாய மூடலை, தெருவுல ஒரு பொம்பளை கத்துனா: "ஏட்டி, பூமி ஆடுதுட்டீ!"

அவ்வளவுதான். காப்பியைக் கீழ போட்டுட்டு ஒரே ஓட்டமா வெளிய ஓடுனேன். அக்கா நிலைவாசலைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. அத்தான் உள்ள ஓடுனார். எதுக்குன்னு கேட்டா, சாமி ரூம்ல பத்திரம் இருக்காம். நாங்க மூணு பேரும் மூணு முடிவு எடுத்து முடிக்கிறதுக்குள்ள ஆட்டம் நின்னுபோச்சு. சில வினாடிதான். அம்பாசமுத்திரம், பாபநாசம், கடையம் சுத்துவட்டாரத்துல நிறைய பேர் அன்னைக்கு அதை உணர்ந்தாங்க. நாங்க பார்த்த வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை. சாயந்தரம் டீக்கடையில ஒரு மணி நேரம் பேசிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள எல்லாரும் மறந்தாச்சு.

என்னால மறக்க முடியலை. பயத்துனால இல்லை. ஆட்டம் நின்ன பிறகு நான் எங்க நிக்கேன்னு திரும்பிப் பார்த்தேன். தலைக்கு மேல ஓட்டுச் சாய்ப்பு. முதுகுக்குப் பின்னால ஹாலோ பிளாக்கை அடுக்கி வச்சுப் பூசாம விட்ட காம்பவுண்டுச் சுவர். அண்ணாந்து பார்த்தா கரண்டு கம்பி. உயிர் பிழைக்க ஓடி வந்து, அந்தத் தெருவுலயே மோசமான இடமாப் பார்த்து நின்னிருக்கேன்!

நகரத்துல இருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்க வழக்கமா மழை, மாம்பழம், குற்றாலத்துல தண்ணி விழுதான்னு கேப்பீங்க. இன்னைக்கு உங்ககிட்ட வீட்டைப் பத்திப் பேசணும். ஏன்னா ஊர்ல இருக்கிற நம்ம வீட்டைக் கட்டுறது பெரும்பாலும் நீங்க அனுப்புற காசுதான்.

நம்ம பக்கம் எல்லார் வாயிலயும் ஒரு பேச்சு உண்டு. "நம்ம ஊர்லல்லாம் பூகம்பம் வராது. இது பாறை பூமி. ஜப்பான்லதான் வரும், இல்லாட்டி இமயமலையில வரும்." நானும் இதைச் சொன்னவன்தான். இதுல பாதி உண்மை இருக்கு. இமயமலைப் பக்கம் வர்ற அளவுக்குப் பெருசாவும் அடிக்கடியும் தென்னிந்தியாவுல வர்றதில்லை. ஆனா "வராது"ன்னு சொன்னா தப்பு. 1900 பிப்ரவரி 8, விடியறதுக்கு முன்ன கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது ரிக்டர் அளவுல 6 கிட்ட. தென்னிந்தியாவுல ரொம்பத் தூரத்துக்கு அதை உணர்ந்திருக்காங்க. 1967 டிசம்பர்ல மகாராஷ்டிராவுல கொய்னா அணைப் பக்கம் வந்ததும் 6-க்கு மேல. அதுவும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைதான்.

இதையெல்லாம் விட என் மனசுல முள்ளாக் குத்துறது கில்லாரி.

1993 செப்டம்பர் 30, அதிகாலை 3 மணி 56 நிமிஷம். மகாராஷ்டிராவுல லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்கள். பிள்ளையாரைத் தண்ணியில கரைச்சுட்டு வந்து ஊரே அசந்து தூங்கிக்கிட்டிருந்த ராத்திரி. அங்க இருந்தவங்க நம்மள மாதிரி விவசாயிங்க. அந்தப் பகுதியும் "பாறை பூமி"தான். அப்ப இருந்த நில அதிர்வு வரைபடத்துல ஆபத்து ரொம்பக் குறைஞ்ச முதல் மண்டலத்துல இருந்துச்சு. வந்த பூகம்பமும் உலகக் கணக்குல நடுத்தரம்தான், 6.2 அளவு. செத்துப்போனவங்க பத்தாயிரம் பேர் அளவுல. அதுக்குப் பிறகு 2002-ல வரைபடத்தை மாத்தி எழுதும்போது முதல் மண்டலம்கிறதையே எடுத்துட்டாங்க. நாட்டுல ஆபத்தே இல்லாத இடம்னு எதையும் சொல்ல முடியாதுன்னு அர்த்தம். சென்னையும் அப்பதான் இரண்டாம் மண்டலத்துல இருந்து மூன்றாம் மண்டலத்துக்குப் போச்சு.

நடுத்தர பூகம்பத்துக்குப் பத்தாயிரம் உயிர் எப்படிப் போச்சு? வீடுதான் காரணம். கனமான கல்லுச் சுவர். உள்பக்கம் ஒரு வரிசை, வெளிப்பக்கம் ஒரு வரிசை கல் வச்சு, நடுவுல துண்டுக் கல்லையும் மண்ணையும் போட்டு ரொப்புன சுவர். இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற நீளக் கல் கிடையாது. கூரைக்கு மேல வெயிலுக்குக் குளிர்ச்சின்னு அடி கணக்குல மண். ஆட்டம் வந்ததும் சுவர் ரெண்டாப் பிளந்து, அந்த மண்ணுக் கூரை தூங்குறவங்க மேல விழுந்துச்சு. காலங்காலமா வெயிலுக்கும் மழைக்கும் காத்த கூரைதான் அன்னைக்குக் கொன்னுச்சு.

இதை முதல் தடவை படிச்சப்ப எங்க வீட்டுச் சுவரைத்தான் பார்த்தேன்.

எங்க வீடு தாத்தா கட்டுனது. கருங்கல்லும் மண்சாந்தும், மேல சுண்ணாம்புப் பூச்சு. ஒன்றரை அடிச் சுவர். மேல பனங்கை, நாட்டு ஓடு. 2013-ல ஓட்டைப் பிரிச்சுட்டுக் காங்கிரீட் தளம் போட்டேன். மகன் பெரியவனாகுறானேன்னு மேல ஒரு ரூம் எடுத்தேன். அந்த ரூமுக்கு மேல ஆயிரம் லிட்டர் தண்ணி டேங்க். அன்னைக்கு வேலை பார்த்த கொத்தனார் ஓட்டைப் பிரிச்ச மட்டத்துல நின்னுக்கிட்டு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணாச்சி, பழைய சுவரு. சுத்திலும் ஒரு பெல்ட் போட்டுரவா? ரெண்டு நாள் வேலை. கம்பியும் சிமெண்டும் கொஞ்சம் கூடும்."

நான் சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கு. "நம்ம ஊர்ல என்ன பூகம்பமாய்யா வரப்போவுது? நூறு வருஷம் நிக்கப்போற சுவரு. தளத்தைப் போடும்." அந்தக் காசை வாசல் பக்கம் கிரானைட் பதிக்கச் செலவு பண்ணேன். வந்தவங்க எல்லாம் கிரானைட்டைத் தடவிப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னாங்க.

எங்க அம்மா இப்பவும் அதே பதிலைத்தான் சொல்லுதா. "உங்க தாத்தா கட்டுனது ராசா. எத்தனை புயலு, எத்தனை மழை பார்த்திருக்கு." உண்மைதான். ஆனா அந்தச் சுவர் இத்தனை வருஷமா ஒரே ஒரு வேலைதான் பார்த்திருக்கு. மேல இருக்கிற பாரத்தைக் கீழ மண்ணுக்கு இறக்குற வேலை. அதுல கெட்டி. பூகம்பம் மேல இருந்து அமுக்காது, பக்கவாட்டுல பிடிச்சு உலுக்கும். அந்த வேலையை எங்க வீட்டுச் சுவர் ஒரு நாளும் செஞ்சு பார்த்ததில்லை. மூட்டையைத் தலையில சுமக்கிறவனைப் பக்கத்துல இருந்து ஒருத்தன் தள்ளிவிட்டா எப்படியோ, அப்படி.

பாரம் எவ்வளவுன்னும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு அஞ்சு இஞ்சு கனத்துல காங்கிரீட் தளம் போட்டா மூணரை டன் கிட்ட வருது. டேங்க் நிறைஞ்சா தண்ணி மட்டும் ஒரு டன். 75 கிலோ நெல் மூட்டையில பதிமூணு மூட்டைக்கு மேல. அத்தனையையும் என் மகன் தலைக்கு மேல நானே ஏத்தி வச்சிருக்கேன்.

பெல்ட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். வீட்டுச் சுவர் நாலும் தனித்தனியா நிக்கிற ஆளுங்க மாதிரி. உலுக்குனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் சாயும், மூலையில விரிசல் விடும். அஸ்திவாரத்துக்கு மேல ஒண்ணு, கதவு ஜன்னல் தலைமட்டத்துல ஒண்ணு, கூரை உக்கார்ற இடத்துல ஒண்ணுன்னு வீட்டைச் சுத்திலும் அறுந்துபோகாம கம்பி வச்சுக் காங்கிரீட் ஓட்டுனா, நாலு சுவரும் ஒண்ணா ஆடும், ஒண்ணா நிக்கும். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுறோம்லா? பட்டா கழண்டா ஆரக்கால் எல்லாம் தனித்தனியா வந்துரும். அதே சங்கதிதான். பில்லர் வச்சுக் கட்டுற வீடா இருந்தா, கம்பியைச் சுத்திப் போடுற ரிங் நெருக்கமா இருக்கணும். ரிங்கோட முனையைச் சும்மா மடக்கி விடாம, உள்பக்கமாக் கொக்கி மாதிரி வளைச்சு விடணும். அப்பதான் ஆட்டத்துல ரிங் பிரியாது. இதுக்குப் பெரிய செலவு கிடையாது. கேக்கணும், நின்னு பார்க்கணும். அவ்வளவுதான்.

பூகம்பம் கொல்லாது, கட்டடம்தான் கொல்லும்னு இன்ஜினியர்கள் சொல்லுவாங்க. 2010-ல இதுக்கு உலகமே சாட்சி பார்த்துச்சு. ஜனவரியில ஹைட்டி நாட்டுல 7.0 அளவு. லட்சத்துக்கும் மேல சாவு. அடுத்த மாசமே சிலி நாட்டுல 8.8. வெளியான சக்தியைக் கணக்குப் பார்த்தா ஹைட்டியைப் போல 500 மடங்கு. அங்க செத்தவங்க சுமார் 500 பேர். ஊர் எங்க இருக்கு, எத்தனை பேர் இருந்தாங்கன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா முக்கியமான வித்தியாசம் சுவர்லயும் கம்பியிலயும்தான் இருந்துச்சு.

சரி, இதெல்லாம் ஊர்க்காரன் பிரச்சினை, நாங்க அப்பார்ட்மெண்ட்லல்லா இருக்கோம்னு நினைக்காதீங்க. 2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலையில குஜராத்ல புஜ் பக்கம் வந்த பூகம்பத்துல, 200 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி இருந்த அகமதாபாத்துல அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்துச்சு. அதுல பல கட்டடங்கள்ல கீழ்த்தளம் பூரா கார் நிறுத்துற இடம். சுவரே இல்லாம வெறும் தூண் மேல நின்ன கட்டடம். மேல அஞ்சு மாடிக்குச் சுவர் இருக்கு, கீழ கால் மட்டும் ஒல்லி. ஆட்டம் வந்ததும் அந்தக் கால் மடங்கிருச்சு. உங்க அப்பார்ட்மெண்ட் கீழ்த்தளத்தை நாளைக்குக் காலையில ஒரு தடவை இறங்கிப் பாருங்க. நம்ம கடையநல்லூர்லயும் வெளிநாட்டுக் காசுல எழும்புன வீடு பலதுக்கு இப்ப அதே அமைப்புதான்.

அந்தக் காலையில அஞ்சார்ங்கிற ஊர்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்க குடியரசு தின ஊர்வலமா ஒரு குறுகலான சந்துக்குள்ள போய்க்கிட்டிருந்தாங்க. ரெண்டு பக்கமும் இருந்த கட்டடங்கள் பிள்ளைங்க மேல விழுந்துச்சு. நூத்துக்கும் மேல குழந்தைங்க. வெளிய இருந்தாப் பாதுகாப்புன்னு நாம நினைக்கிறோம். தலைக்கு மேல ஒண்ணும் இல்லாத வெளிதான் பாதுகாப்பு. ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்கிற சந்து வெளி ஆகாது.

இனி ஆட்டம் வந்தா என்ன செய்யணும்? எங்க மூணு பேரையும் உதாரணமா வச்சே சொல்லுதேன்.

நான் ஓடுனேன். மாடி வீட்டுல, அப்பார்ட்மெண்ட்ல ஆட்டத்துக்கு நடுவுல ஓடக் கூடாது. படிக்கட்டுல விழுந்து அடிபடுறவங்கதான் அதிகம். லிப்ட் பக்கமே போகக் கூடாது. குனிஞ்சு உக்காருங்க, பலமான மேசைக்கு அடியில போங்க, மேசைக் காலைப் பிடிச்சுக்கோங்க. மேசை ஆடி நகரும், கூடவே நகருங்க. மேசை இல்லைன்னா ஜன்னலையும் பீரோவையும் விட்டுத் தள்ளி, உள்பக்கச் சுவர் ஓரமா உக்காந்து ரெண்டு கையாலயும் தலையையும் பிடரியையும் மூடிக்கோங்க. படுத்திருந்தா அப்படியே இருந்து தலையணையைத் தலைக்கு மேல வச்சுக்கோங்க. ஆட்டம் முழுசா நின்ன பிறகு படியில இறங்கலாம்.

எங்களை மாதிரி மண்சாந்துக் கல்லு வீடு, மண்ணு வீடுன்னா கணக்கு வேற. அந்தக் கூரை மொத்தமா விழுந்தா மேசை தாங்காது. தரைத்தளத்துல இருந்து, கதவும் எட்டிப் பிடிக்கிற தூரத்துல இருந்து, வாசலைத் தாண்டுனா திறந்தவெளின்னா வெளிய போயிறது நல்லது. போனா நான் நின்ன மாதிரி சாய்ப்புக்குக் கீழ நிக்காம, வீட்டு உயரத்துக்காவது தள்ளிப் போகணும். கதவு தூரமா இருந்தா ஓடாம தலையை மூடிக்கிட்டு உக்காந்துரணும். எது உங்க வீடு, எது உங்க கதவுங்கிறதை இன்னைக்கே யோசிச்சு வைக்கணும். ஆடும்போது யோசிக்க நேரம் இருக்காது.

அக்கா நிலைவாசலைப் பிடிச்சா. அது அந்தக் காலத்துல சொல்லிக் கொடுத்தது. நிலைக்கு மேல இருக்கிற சுவரும் அதே சுவர்தான். நிலைக்குன்னு தனி பலம் ஒண்ணும் கிடையாது. போதாக்குறைக்கு ஆடுற கதவு கையை நசுக்கும்.

அத்தான் பத்திரத்துக்காக உள்ள ஓடுனார். இதுதான் ரொம்பப் பெரிய தப்பு. முதல் ஆட்டத்துக்குப் பின்னால அடுத்தடுத்து ஆட்டம் வரும். முதல்ல விரிசல் விட்ட சுவர் ரெண்டாவது ஆட்டத்துல விழும். பத்திரத்துக்கு நகல் வாங்கலாம். அத்தானுக்கு நகல் கிடையாது. இதைச் சொன்னப்ப அக்கா சிரிச்சா, அத்தான் சிரிக்கலை.

வயல்ல இருந்தா நாமதான் பாக்கியவான்கள். வெட்டவெளியில உக்காந்துக்கலாம். தென்னந்தோப்புல நிக்காதீங்க, மட்டையும் காயும் விழும். கிணத்து ஓரம், மோட்டார் ரூம், கரண்டு கம்பிக்குக் கீழ வேண்டாம். மலையடிவாரத்துல, அருவியில இருந்தா பாறை உருளும், சரிவை விட்டு விலகுங்க. தொழுவத்துல மாடு கத்துனா மனசு கேக்காதுதான். ஆனா ஆட்டம் நிக்கிற வரைக்கும் தொழுவத்துக்குள்ள போகாதீங்க.

ஆட்டம் நின்ன பிறகு செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். முதல்ல செருப்பைப் போடுங்க, தரையெல்லாம் கண்ணாடியும் ஓடும் கிடக்கும். சிலிண்டரை மூடுங்க. கேஸ் வாடை வந்தா எந்த சுவிட்சையும் தொடாதீங்க, போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சி கிழிக்காதீங்க. கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளிய வந்துருங்க. வாடை இல்லைன்னா மெயினை அணைக்கலாம். வெளிய வந்து தெருவுல ஆளை எண்ணுங்க. எந்த வீட்டுல யார் எந்த ரூம்ல படுப்பாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரனுக்குத்தான் தெரியும். மீட்புப் படை வர்றதுக்கு முன்ன ஆளைத் தூக்குறதும் அவன்தான். போன்ல பேசிப் பேசி லைனை அடைக்காம ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்க. அவசரத்துக்கு 112. மாவட்டப் பேரிடர் எண் 1077, மாநிலத்துக்கு 1070. வாட்ஸ்அப்ல "இன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு இன்னொண்ணு வரும்"னு வந்தா யாருக்கும் அனுப்பாதீங்க. எந்த நாள், எந்த நேரம் பூகம்பம் வரும்னு முன்கூட்டியே சொல்ல உலகத்துல யாராலும் முடியாது.

கடற்கரையில இருக்கிறவங்களுக்கு ஒண்ணு கூடுதலா. 2004 டிசம்பர் 26 காலையில சுமத்ராவுல பூமி ஆடுனது ஆறரை மணிக்கு. சென்னையில சிலபேர் வீட்டுலயும் அது தெரிஞ்சுச்சு. அலை வந்தது ரெண்டு மணி நேரத்துக்கு மேல கழிச்சு. அந்த ரெண்டு மணி நேரம் நமக்குத் தெரியாமலே போச்சு. இப்ப ஹைதராபாத்ல 2007-ல இருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. இருந்தாலும் கரையில இருந்து பலமான ஆட்டத்தை உணர்ந்தா, இல்லாட்டி கடல் உள்வாங்குறதைப் பார்த்தா, எச்சரிக்கைக்காகக் காத்திருக்காம மேட்டுக்குப் போயிருங்க. வேடிக்கை பார்க்கப் போகாதீங்க.

திரும்ப வீட்டுக்குள்ள போறதுக்கு முன்ன சுவரைச் சுத்திப் பாருங்க. பூச்சுல மயிரிழை விரிசல்னா பெருசில்லை. சுவர்ல குறுக்கும் நெடுக்குமாப் பெருக்கல் குறி மாதிரி விரிசல், மூலையில மேல இருந்து கீழ பிளவு, வயிறு தள்ளுன சுவர், அடைக்க முடியாமப் போன கதவு, இதுல ஒண்ணு இருந்தாலும் இன்ஜினியர் பார்க்கிற வரைக்கும் வெளியதான் படுக்கணும்.

இவ்வளவு சொன்னாலும் என் கருத்து வேற. இந்த விதிமுறை எல்லாம் பரீட்சை அன்னைக்குக் காலையில படிக்கிற பாடம். பாடத்தை எழுத வேண்டிய நாள், கொத்தனார் சாரத்துல நின்னு "பெல்ட் போடவா?"ன்னு கேக்கிற நாள். அன்னைக்கு நாம சொல்ற பதில்லதான் பாதி உயிர் இருக்கு. நமக்குப் பள்ளிக்கூடத்துல மேசைக்கு அடியில உக்காரச் சொல்லித் தர்றாங்க, நல்லதுதான். ஆனா ஊர்ல வீடு கட்டுறவர் கொத்தனாரும் கம்பி கட்டுறவரும். இன்ஜினியர் பல வீட்டுல பிளான் பேப்பர்ல கையெழுத்தா மட்டும்தான் இருக்கார். புஜ் பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்ல கொத்தனார்களைக் கூப்பிட்டு உக்காரவச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. அத்தனை பேர் செத்த பிறகு கொடுத்த பயிற்சியை நாம சாகுறதுக்கு முன்ன கொடுக்கலாமே! ஒவ்வொரு ஒன்றியத்துலயும் வருஷத்துக்கு ரெண்டு நாள், கூலியும் கொடுத்துக் கூப்பிட்டா யாரும் வரமாட்டேன்னு சொல்ல மாட்டாங்க.

போன மாசம் அதே கொத்தனாரை டீக்கடையில பார்த்தேன். எத்தனை பேர் இப்ப பெல்ட் போடச் சொல்லுதாங்கன்னு கேட்டேன்.

"எலிவேஷனுக்குத்தான் போன்ல போட்டோ அனுப்புதாவ அண்ணாச்சி. பெல்ட்டை யாரு கேக்கா?"

போட்டோ அனுப்புறவங்க யாருன்னு நினைக்கீங்க? சென்னையிலயும் பெங்களூர்லயும் துபாய்லயும் இருக்கிற நம்ம பிள்ளைங்கதான். அப்பா அம்மாவுக்கு ஊர்ல நல்ல வீடு கட்டிக் கொடுக்கணும்னு ஆசை. அந்த ஆசை பெருசு. அதனாலதான் உங்ககிட்டக் கேக்கேன். அடுத்த தடவை வாசல் டைல்ஸ் படம் அனுப்பும்போது கூடவே ஒரு வரி சேர்த்து அனுப்புங்க: "அண்ணாச்சி, லிண்டல்லயும் கூரையிலயும் சுத்தி பெல்ட் ஓடுதா? கம்பி கட்டுனதும் போட்டோ எடுத்து அனுப்புங்க." தூரத்துல இருந்தே செய்யலாம். காசு கொடுக்கிறவன் கேட்டா கொத்தனார் செய்வார். அவருக்குத் தெரியாமல் இல்லை, நாமதான் வேண்டாம்னு சொல்லிச் சொல்லிக் கேக்கிறதையே நிறுத்த வச்சிருக்கோம்.

எங்க வீட்டுல இதுவரைக்கும் ஆனது கொஞ்சம்தான். டேங்கைக் கீழ இறக்கி, தொழுவத்துக்குப் பக்கத்துல தனியா மேடை கட்டி வச்சாச்சு. தண்ணி வேகம் குறைஞ்சிருச்சுன்னு வீட்டுக்காரி ஒரு வாரம் முணுமுணுத்தா. பீரோவைச் சுவரோட திருகாணி போட்டு முடுக்கியாச்சு. கட்டிலுக்கு மேல இருந்த பரணைக் காலி பண்ணியாச்சு. காம்பவுண்டுச் சுவர்ல ஆடிக்கிட்டிருந்த மேல் ரெண்டு வரிசையை எடுத்தாச்சு. எதுக்கும் ஆயிரக்கணக்குல செலவு ஆகலை.

சுவர் மட்டும் பாக்கி. தென்காசியில ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். கட்டி முடிச்ச வீட்டுக்கும் வழி இருக்காம். தலைமட்டத்துக்கு மேல சுவரோட ரெண்டு பக்கமும் கம்பி வலையை அடிச்சு, சுவருக்குள்ள கம்பி விட்டு ரெண்டையும் இணைச்சு, சிமெண்ட் சாந்து பூசுனா பெல்ட் மாதிரியே பிடிக்குமாம். அங்கங்க சுவரைத் துளைச்சு ரெண்டு வரிசைக் கல்லையும் சேர்த்துக் கட்டணுமாம். 2013-ல ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கிற வேலை, இப்ப ரெண்டு வாரம். செலவும் பல மடங்கு. பிசானம் அறுவடை முடிஞ்சு நெல்லுக் காசு வந்ததும் ஆரம்பிக்கணும்.

அதுவரைக்கும் மகனைக் கீழ தார்சாவுல, வாசல் பக்கமாப் படுக்கச் சொல்லியிருக்கேன். ஏம்ப்பான்னு கேட்டான். மேல வெக்கைன்னு சொல்லிச் சமாளிச்சேன். இதைப் படிச்சா அவனுக்கும் தெரிஞ்சிரும். தெரியட்டும். நாளைக்கு அவன் வீடு கட்டும்போது கொத்தனார் கேக்கிறதுக்கு முன்ன அவனே கேக்கட்டும்.